கரண்ட் போன நேரம்

காசிராஜனுக்குப் பேரம் பேசாமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. ஏலக்காய்த் தரகில் ஊறிய நாக்கு. தரகை விட்டுப் போடியில் தகரப் பட்டறை போட்ட பிறகும் அந்த நாக்கு சும்மா இருக்கவில்லை. மதுரையில் எவனோ கழித்துப் போட்ட தகடு வெட்டும் மிஷினை, பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவன் மாதிரி, குறை சொல்லிச் சொல்லியே பாதி விலைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பட்டறையில் இறக்கியதும் அந்தக் குறைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார்.

மலைமேல் எஸ்டேட்டுகளில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களுக்குச் சூட்டுக் குழாய் செய்து கொடுப்பதுதான் பட்டறையின் சோலி. மிஷினைப் பார்த்துக்கொண்டவன் வீரணன், காசிராஜனின் மனைவி அன்னக்கொடிக்குக் கூடப் பிறந்த தம்பி.

"மச்சான், வாரத்துல அரை நாள் மிஷின நிறுத்தணும். பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கணும், பிளேடு போல்ட்ட முறுக்கிப் பாக்கணும். நாமளா நிறுத்தலைன்னா அதுவா ஒருநா நின்னுக்கிரும்."

"சீசன்ல அரை நாளா? என் கல்யாணத்துக்கே நான் அரை நாளுதான் லீவு போட்டேன் மாப்ளே. மாசத்துக்கு ஒருக்க வச்சுக்க."

"அது தாங்காது மச்சான்."

"அப்பக் கரண்டு போறப்ப வச்சுக்க. கவருமெண்டே லீவு விடுறான். நாம எதுக்குத் தனியா விடணும்?"

மழை ஏமாற்றிய வருஷம் அது. கரண்டைப் பங்கு வைத்துத்தான் கொடுத்தார்கள். எப்போது போகும், எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது. கரண்ட் போனால் ஸ்டார்ட்டரின் கைப்பிடி தானாகக் கீழே விழுந்துவிடும். மறுபடி ஓர் ஆள் வந்து தூக்கிவிட்டால்தான் மிஷின் ஓடும். செய்தவன் அடுத்தவன் உயிரை நினைத்துத்தான் அப்படிச் செய்திருந்தான். அந்தத் தெருப் பட்டறைக்காரர்களுக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. ஏலக்காய் மூட்டை தைக்கிற சணலை எடுத்துக் கைப்பிடியை மேலேயே இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஆட்கள் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருப்பார்கள். கரண்ட் வந்ததும் மிஷின் தானே உறுமி அவர்களைக் கூப்பிடும். ஒரு நிமிஷம் வீணாகாது.

"என் கை உள்ள கெடக்குறப்ப அது உறுமுனா?" என்று கேட்டான் வீரணன்.

"அவுத்துக்க. எவன் வேணாங்குறான்?"

அன்றிலிருந்து கிரீஸ் வைக்கப் பல்சக்கரத்து மூடியைத் திறக்குமுன் சணலை அவிழ்த்துக் கைப்பிடியைக் கீழே இறக்குவான். வேலை முடிந்தால் அவனே கட்டுவான். மற்றப் பட்டறைக்காரர்களிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தான். "கட்டுறதும் அவுக்குறதுமாவே இருக்கியே, மிஷினுக்குத் தாலியா கட்டுற?" என்று சிரித்தார்கள். அவனுக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான். கை போனால் தனக்கு வேறெதுவும் மிச்சமில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

காய் பறிப்பு உச்சத்தில் இருந்த ஒரு நாள், எஸ்டேட் மேஸ்திரி ராக்கையா ஜீப்போடு வந்து நின்றார்.

"ஸ்டோர்ல குழாய் ஓட்ட விழுந்துருச்சு. பறிச்ச காய் பச்சையாக் குமிஞ்சு கெடக்கு. இன்னைக்குக் குழாய் மலை ஏறலைன்னா காய் நெறம் மாறிரும். மொதலாளி என் நெறத்தையும் சேத்து மாத்திருவாரு. வெரசாப் பாருங்கண்ணே!"

தகடு பாதி வெட்டியிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. காசிராஜன் ராக்கையாவை எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் சணல் அவிழ்ந்து தொங்குகிறது. கைப்பிடி கீழே கிடக்கிறது. வீரணனைக் காணோம்.

"பாரு, அவுத்துப் போட்டுட்டு எங்கயோ போயிட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியைத் தூக்கி, மூட்டை கட்டுகிற முடிச்சாக இறுக்கிப் போட்டார்.

மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்காருகிற சந்து ஒன்று இருந்தது. பல்சக்கரத்து மூடி அந்தப் பக்கம்தான். "மாப்ளே" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிற மனுஷன் அன்றைக்குத் திறக்கவில்லை.

கரண்ட் வந்தது.

அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. ராக்கையாதான் ஓடிப்போய் மெயின் ஃபியூஸைப் பிடுங்கினார். ஜீப் மலைக்குப் போகாமல் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனது.

வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அன்னக்கொடி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஊருக்கெல்லாம் சொல்லுவியேடா! நீ அவுக்கலையா?"

வீரணன் காசிராஜனைப் பார்த்தான். பிறகு அக்காளைப் பார்த்தான்.

"மறந்துட்டேங்க்கா."

திரும்பி வருகையில், உசிலம்பட்டி வந்ததும் மனைவியிடம் சொல்லிவிடுவது என்றிருந்தார் காசிராஜன். உசிலம்பட்டியில் பஸ் நிறைய ஆள் ஏறிக்கொண்டது. ஆண்டிபட்டிக் கணவாயில் அவள் தூங்கிப்போனாள். தேனியில் விழித்ததும், "சின்னதுலருந்தே அவனுக்கு ஒரு கவனம் கெடையாது" என்றாள். அதற்கப்புறம் சொல்வதற்கு ஊர் எதுவும் இல்லை. போடிதான் வந்தது.

தெருவிலும் அதே பேச்சுத்தான். "அவ்வளவு சூதானமா இருந்தவனுக்கே இந்தக் கெதின்னா, அந்த மூடிப் பக்கம் நாம எதுக்குப் போகணும்?" எந்தப் பட்டறையிலும் அதன் பிறகு யாரும் கிரீஸ் டப்பாவைத் தொடவில்லை. சணல் மட்டும் எல்லாக் கைப்பிடியிலும் கட்டியபடியே இருந்தது.

அன்னக்கொடி பட்டறைக்கே வந்து நின்றாள். "அந்த மூடிய வெல்டு வச்சு அடைச்சிருங்க. இனிமே ஒரு பெத்தவ புள்ள அதுக்குள்ள கைய விடக் கூடாது."

ஒரே ஒரு வார்த்தையில் அதைத் தடுத்திருக்கலாம். காசிராஜன் வெல்டிங் ராடை எடுத்தார்.

ஒரு பக்கம் அடைத்து முடிக்கிற நேரத்தில் வீரணன் வந்தான். சட்டைக் கை மடித்துத் தைத்திருந்தது. வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அப்ப கிரீஸ் எது வழியாப் போறது மச்சான்?"

"கை போயும் இவனுக்குப் புத்தி வரலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அன்னக்கொடி.

காசிராஜன் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு, மறுபக்கத்தையும் அடைக்க ஆரம்பித்தார்.