பியாட்ரிஸ் டீச்சரின் கைச்செலவு

சாந்தோமில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் பிலிப்பின் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் காலைக் காப்பியைக்கூடக் குடிக்காமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். மேஜை மேல் ரூபாய் நோட்டுகள் சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தன. கடல் காற்றில் பறந்துவிடாமல் ஒவ்வொரு குவியலின் மேலும் ஒரு கரண்டியை வைத்திருந்தார்.

1948-ஆம் வருஷம் மே மாதம் அது. பிலிப்புக்கும் பியாட்ரிஸுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அதைக் கொண்டாட, மதராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போய்த் திரும்பும் கப்பலில் இரண்டாம் வகுப்பில் டிக்கெட் வாங்கியாயிற்று. யுத்தம் முடிந்ததிலிருந்தே சேர்த்த பணம். டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போக, கைச்செலவுக்கு என்று மிஞ்சியது இருநூற்றைம்பது ரூபாய். அதைத்தான் அவர் குவியல் குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இது கப்பல் பையன்களுக்கு இனாம். இது பினாங்குல வண்டிச் சத்தம். இது சிங்கப்பூர்ல வண்டிச் சத்தம். இது திருச்சி மாப்பிள்ளைக்கு ஒரு பேனா. இது பங்குச் சாமியாருக்கு ஒரு குடை. இது ஆபத்துக்கு, தொடவே கூடாது."

பக்கத்துத் தெரு ஆம்ப்ரோஸ் கதவோரம் நின்று வாயைப் பிளந்தான். துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். பிலிப்பை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணே, நீங்க நிதி மந்திரியா போயிருக்க வேண்டியவரு. எங்க வீட்ல சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல நிக்கிறதே இல்லை."

பிலிப்புக்கு முகம் மலர்ந்தது. அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர்தான். பாரிமுனையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கைமாற்று என்று எவனிடமும் போய் நின்றதில்லை. மகளைக் கடன் இல்லாமல் கட்டிக் கொடுத்தார். மாதாகோவில் பங்கில் எத்தனையோ பேர் அவரைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள்.

பியாட்ரிஸ் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக டீச்சர். முதல் மாதத்திலிருந்தே சம்பளக் கவரைப் பிரிக்காமல் கணவர் கையில் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், அதனால் டிராம் சார்ஜுக்குக்கூட அவளுக்குக் காசு தேவைப்பட்டதில்லை. அவள் குவியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு காலி டம்ளருக்காகக் காத்திருந்து, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் ரிக்ஷாவில் தியாகராய நகருக்குப் போனார்கள், ஒரு டிரங்குப் பெட்டி வாங்க. பாண்டி பஜாரில் இறங்கியதும் ரிக்ஷாக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னா சார், இம்மாம் தூரம் ரெண்டு பேரை இஸ்துகினு வந்துகீறேன். ரெண்டணா சேத்துக் குடு சார்."

"பேசினது பேசினதுதான்" என்றார் பிலிப்.

பியாட்ரிஸின் கை தன்னை மறந்து கைப்பையைத் திறந்தது. உள்ளே ஒரு ஜெபமாலை, ஒரு கைக்குட்டை. பையை மூடினாள். ரிக்ஷாக்காரரின் முகத்தைப் பார்க்காமலே கடைக்குள் நுழைந்தாள்.

டிரங்குப் பெட்டி விற்கும் கடைக்கு அடுத்தது கனகராஜின் ஜவுளிக்கடை. தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நிமிர்ந்த குடும்பம். பெட்டி வாங்கிய கையோடு அங்கேயும் நுழைந்தபோது, கனகராஜும் மனைவியும் கப்பலேறப் போவது பேச்சில் தெரிந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி இசக்கியம்மாள், இவர்களும் அதே கப்பலில் வருகிறார்கள் என்று கேட்டதும் எழுந்தே வந்துவிட்டாள். "ஏ, அப்பொ நாம ஒண்ணாத்தான் போறோமா டீச்சரம்மா? எங்க தம்பி பினாங்குலதான் கடை வச்சிருக்கான். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சுட்டு!"

கப்பல் புறப்பட்டது. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் தலைசுற்றல். மூன்றாம் நாள் கடல் அடங்கியது. பெண்கள் மேல்தளத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். இசக்கியம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ஐந்து பேருக்கும் ஐஸ் போட்ட லெமனேட் வரவழைத்தாள். மறுநாள் வேறொருத்தி வாங்கினாள். அதற்கு மறுநாள் தன் முறை என்று பியாட்ரிஸுக்குத் தெரியும்.

பிலிப் கனகராஜோடும் இன்னும் இரண்டு பேரோடும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து தணிந்த குரலில் கேட்டாள்: "என்னங்க, ஒரு ரெண்டு ரூபா கொடுங்களேன்."

"எதுக்கு?"

"அவங்களுக்கெல்லாம் லெமனேட் வாங்கணும். தினம் அவங்களே வாங்கித் தர்றாங்க."

பிலிப் சிரித்தார். கடிந்துகொள்ளவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். "நம்ம திட்டத்துல லெமனேட் எங்கம்மா இருக்கு? தாகம்னா கப்பல்ல தண்ணி சும்மாதானே கொடுக்கிறான்?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பியாட்ரிஸும் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஆனால் பெண்கள் உட்காரும் பக்கம் அவள் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அறைக்குள் படுத்துக்கொண்டாள். அடுத்த நாளும் தலைவலி. கப்பல் பினாங்கில் நின்றபோது, "நீங்க போய்ட்டு வாங்க. கரையில எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

பிலிப்புக்கு அது விசித்திரமாக இருந்தது. தனியாகவே இறங்கினார். ஒதுக்கிய வண்டிக் கூலிக்குள்ளேயே ஊரைச் சுற்றினார், கோவிலையும் மலையையும் பார்த்தார், மாப்பிள்ளைக்குப் பேனா வாங்கினார். எதைப் பார்த்தாலும் பக்கத்தில் திரும்பி "பாத்தியா?" என்று சொல்ல ஆள் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு பெரிய செந்நிறப் பூமரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நேரத்தோடே கப்பலுக்குத் திரும்பினார்.

மேல்தளத்தில் பியாட்ரிஸைச் சுற்றி மூன்று பிள்ளைகள். மலாயாவில் ரப்பர் தோட்டத்து டாக்டர் ஒருவரின் பிள்ளைகள். மதராஸிலிருந்தே கப்பலில் வருகிறவர்கள். அவர்களின் தாய், பினாங்கு ஆஸ்பத்திரியில் கிடந்த தன் தங்கையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பியாட்ரிஸ் "நான் பாத்துக்கிறேன், போய்ட்டு வாங்க" என்று சொல்லி, காலையிலிருந்து பாட்டும் கதையும் வாய்ப்பாடுமாகப் பொழுதை ஓட்டியிருக்கிறாள். கடைக்குட்டி அவள் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது.

பிலிப் படியேறி வந்த நேரம், அந்த அம்மாள் ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை பியாட்ரிஸின் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மலாயாவில் டாலரை வெள்ளி என்பார்கள். நம் காசுக்கு ஏழெட்டு ரூபாய். பியாட்ரிஸ் வேண்டாம் என்று சொல்வாள், அந்த அம்மாள் வற்புறுத்துவாள், கடைசியில் நோட்டு திரும்பிப் போகும் என்று பிலிப் எதிர்பார்த்தார். அதற்கான புன்னகைகூட அவர் முகத்தில் வந்துவிட்டது.

பியாட்ரிஸின் விரல்கள் நோட்டின் மேல் மூடிக்கொண்டன.

"தேங்க் யூ" என்றாள்.

அறைக்குள் வந்ததும் பிலிப் வெடித்தார். "ஆயா வேலையா பாக்குறே? கூலியும் வாங்கிட்டியே! உனக்கு என்ன குறை வச்சேன் நான்? நாலு பேர் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பியாட்ரிஸ் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நானும் வேண்டாம்னுதாங்க சொல்ல நினைச்சேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா கை கேக்கலை."

பிலிப் வாங்கி வந்த பேனாவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கோபம் தணிந்ததும் பழக்கம் தலைகாட்டியது. "சரி, போனது போகட்டும். கொடு, அதையும் சேர்த்து வைக்கிறேன்" என்று கையை நீட்டினார்.

"மாட்டேன்."

இருபத்தைந்து வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. குரல் உயரவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கவைப்பதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க கெட்டவர் இல்லை. என் சம்பளத்துல ஒரு தம்படிகூட நீங்க வீணாக்கலை. அது எனக்குத் தெரியும். ஆனா இருபத்திரெண்டு வருஷம் சம்பாதிச்சும், ஒரு ரிக்ஷாக்காரருக்கு ரெண்டணா கொடுக்க என்கிட்ட இல்லை. ஒரு லெமனேட்டுக்கு நாலு ஆம்பளைங்க முன்னாடி வந்து நின்னேன். நீங்க 'எதுக்கு'ன்னு கேட்டீங்க. கேள்வி கேக்காத காசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. இந்த அஞ்சு வெள்ளியில அதைத் தெரிஞ்சுக்கப் போறேன்."

பிலிப் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வழக்கம்போல் மடியிலிருந்த மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார். எடுத்த கை மூக்கருகில் அப்படியே நின்றது. லஸ் முனையில் வாங்கும் பொடி அது. இருபது வருஷத்துக்கு மேலாக வாங்குகிறார். ஒரு நாளாவது யாராவது அவரிடம் எதுக்கு என்று கேட்டிருக்கிறார்களா? அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லையே! பியாட்ரிஸின் சம்பளமும் சேர்ந்த பணத்தில்தானே அந்தப் பொடியும் வந்தது? சிட்டிகையைக் கடலில் உதறினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பொடியின் மேல் பழி போட முடியவில்லை.

கப்பல் சிங்கப்பூரை அடைந்த காலையில், மீதியிருந்த பணம் முழுவதையும் படுக்கையில் கொட்டினார். 'தொடவே கூடாது' என்றிருந்ததும் அதில் கலந்துவிட்டது. சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினார்.

"எதுக்கு?" என்று கேட்டாள் பியாட்ரிஸ். கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிலிப்பும் சிரித்தார், அந்தக் கப்பலில் இருவரும் மனம்விட்டுச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று அவள் செய்ததை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. துறைமுக வாசலில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டியைக் கூப்பிட்டாள். "நான் மட்டும் கொஞ்சம் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்க அவருக்கு நாக்கு துடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டார். நாற்பத்தைந்து வயதான டீச்சர், மொழி தெரியாத ஊரில், முதுகை நிமிர்த்தி, கடலோரச் சாலையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி திரும்பி மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை தைரியம் உள்ள ஒருத்தியோடுதான் இவ்வளவு காலம் குடித்தனம் பண்ணியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வெயில் தாழ அவள் திரும்பினாள். காற்றில் தலை கலைந்திருந்தது, முகம் சிவந்திருந்தது. வண்டிக்காரருக்குப் பேசியதற்கு மேல் கொடுத்தாள்.

"எங்கேயும் இல்லைங்க, சும்மா சுத்தினேன்" என்று அவளாகவே சொன்னாள். "இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாமப் போச்சு."

திரும்பும் வழியில் லெமனேட் வாங்கும் முறையில் பியாட்ரிஸ் ஒரு நாளும் பின்தங்கவில்லை. மதராஸ் வந்து இறங்கியபோது பிலிப்பின் பங்கில் மூன்று ரூபாய் மிச்சம் இருந்தது. பியாட்ரிஸிடம் எவ்வளவு மிச்சம் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு மாலை ஆம்ப்ரோஸ் தன் மனைவி ஃப்ளோரன்ஸோடு வந்தான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து நேரே வந்தவள், களைத்துப்போயிருந்தாள். கிறிஸ்மஸுக்குக் கொழும்புக்குக் கப்பலில் போவதாகத் திட்டம்.

"அண்ணே, கைச்செலவுக்கு எப்படிப் பணம் பிரிக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும். இவ சம்பளம், என் சம்பளம் எல்லாம் என்கிட்டதான் இருக்கு. உங்க மாதிரியே கட்டுசெட்டா செய்யணும்" என்றான் ஆம்ப்ரோஸ்.

பிலிப் உள்பக்கம் பார்த்தார். பியாட்ரிஸ் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"நான் செஞ்ச மாதிரி செய்யாதே" என்றார் பிலிப். "சம்பாதிக்கிறது ரெண்டு பேர், செலவு பண்றது ஒருத்தன்னு நான் திட்டம் போட்டேன். அதுக்குச் சிக்கனம்னு பேரும் வச்சுக்கிட்டேன். உழைச்ச பொம்பளை தன் காசுக்கே கை நீட்டி, காரணம் சொல்லி நிக்கிறது சிக்கனம் இல்லைப்பா, அநியாயம். சம்பளம் வாங்காம வீட்லயே பாடுபடுறவங்களுக்கும் இதேதான். கொழும்புக்குப் போனாலும் சரி, கொத்தவால் சாவடிக்குப் போனாலும் சரி, மொதல்ல அவங்க பங்கை அவங்க கையில கொடு. கொடுத்துட்டு, எதுக்குன்னு கேக்காதே."

ஆம்ப்ரோஸ் வேடிக்கையாக ஏதோ கேட்டதுபோல் சிரித்துத் தலையை ஆட்டினான். ஃப்ளோரன்ஸ் சிரிக்கவில்லை. அதுவரை கதவோரம் நின்றிருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பிலிப் அண்ணே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க. இவருக்கு இந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம்."

பிலிப் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கும் கேட்கும்படி அதை இன்னொரு தரம் சொன்னார்.