முதுகுக்கு எடுத்த அளவு

தையல்காரர் அளவு நாடாவை மூன்றாவது முறையாக, கோட்டுத் தைக்க வந்தவரின் முதுகில் ஓட்டிப் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். அதையும் அடித்தார்.

“சார், கொஞ்சம் நேரா நில்லுங்க.”

“நேராதான் நிக்கிறேன்.”

தையல்காரர், கூட வந்திருந்த அவருடைய மனைவியைப் பார்த்தார். மனைவி சட்டென்று கூரையைப் பார்த்தார்.

“பின்னாடி ஒன்றரை இஞ்சு கூட வருது. முன்னாடி ஒரு இஞ்சு கம்மி. லேசா கூன் இருக்கு சார்” என்றார் தையல்காரர், ஆறுதல் சொல்லும் குரலில். “அதப் பத்திக் கவலையே படாதீங்க. கோட்டுல மறைச்சிடலாம். இதவிடப் பெரிய கூனெல்லாம் மறைச்சிருக்கேன்.”

அளவு கொடுத்தவருக்கு வயது நாற்பத்துநான்கு. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளை வீட்டிலிருந்தபடியே எழுதுவது அவர் தொழில். தெருவில் எல்லோரும் வசனக்காரர் என்றே கூப்பிடுவார்கள். மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவர், அதனால் டிரைவரம்மா. வசனக்காரரின் ஒரே தங்கைக்கு இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தே ஆகவேண்டும் என்பது அவளுடைய உத்தரவு. அந்த உத்தரவுதான் அவரை அந்தக் கடைக்குக் கொண்டுவந்து இப்படி அவமானப்படுத்தியது.

வீடு திரும்பும் வழி முழுக்க டிரைவரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தார். கதவைத் திறந்ததும் அடக்க முடியவில்லை.

“நாடா பழசு. பழைய நாடா இழுபட்டுப் போகும்” என்றார் வசனக்காரர்.

“ஆமாங்க. அதுவும் பின்பக்கத்துக்கு மட்டும்.”

மறுநாள் டிரைவரம்மாவுக்கு விடுமுறை. கணவர் வேலை செய்வதை அவர் முழுதாக ஒரு மணி நேரம் பார்த்ததே கிடையாது. அவர் கிளம்பும்போது கணவர் தூங்கிக்கொண்டிருப்பார், திரும்பும்போது வேலையை முடித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலத் தலைவலி அவருக்கு வாடிக்கை. கண் பவர் ஏறிவிட்டது என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை மூக்குக்கண்ணாடி மாற்றியாகிவிட்டது. தலைவலி மட்டும் மாறவில்லை.

அன்று காலை டிரைவரம்மா ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். வசனக்காரர் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி வேலையைத் தொடங்கினார். ஒரு மணி நேரம் கழித்து டிரைவரம்மா காகிதத்தைப் படித்துக் காட்டினார்.

“ஒன்பது பத்து, வலது கால மடிச்சு மேல போட்டாச்சு. ஒன்பது இருபது, இடுப்பு நாற்காலி நுனிக்கு வந்தாச்சு. ஒன்பது நாற்பது, மூக்குக்கும் திரைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பத்து மணி வரைக்கும் பின்னாடி நகரவே இல்ல. ஏங்க, திரைக்குள்ளயே போயிடலாம்னு எண்ணமா?”

“உதட்டசைவ கவனிக்கணும்ல. முன்னாடி சாஞ்சாதான் நல்லாக் காது கேக்கற மாதிரி இருக்கு.”

“ஹெட்ஃபோன் காதுலதான இருக்கு?”

வசனக்காரர் ஹெட்ஃபோனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவரம்மா அவரைப் பணிமனைக்கு அழைத்துப்போனார். கழுவி நிறுத்தியிருந்த பேருந்துகளில் ஒன்றில் ஏறச் சொல்லி, ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார்.

“உக்காருங்க.”

“நானா? யாராவது பாத்தா?”

“சாவி என்கிட்ட இருக்கு. நீங்க எங்கயும் போயிட முடியாது.”

வசனக்காரர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தார்.

“வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி நாங்க சீட்டுக்கே அஞ்சு நிமிஷம் கொடுப்போம்” என்றார் டிரைவரம்மா. பயணிகளிடம் பேசும் குரல் வந்துவிட்டது. “நல்லாப் பின்னாடி போங்க. இடுப்பு சீட்டோட ஒட்டணும். ரெண்டு பாதமும் தரையில. தோள இறக்குங்க, யாரும் அடிக்க வரல. முழங்கை உடம்போட இருக்கட்டும். இப்ப சாயுங்க. சும்மா சாயுங்க, சீட்டு தாங்கும்.”

பக்கவாட்டுப் பிடியை இழுத்து இருக்கையை முன்னால் நகர்த்தினார், உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினார். பிறகு தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பினார்.

“கடைசி சீட்டு தெரியுதா?”

“தெரியுது.”

“இப்ப வீட்ல உக்கார்ற மாதிரி உக்காருங்க.”

வசனக்காரர் சரிந்தார். கண்ணாடியில் கடைசி இருக்கை காணாமல் போய், பேருந்தின் கூரை மட்டும் தெரிந்தது.

“அவ்ளோதான் விஷயம். கூரை தெரிஞ்சா நாம சரிஞ்சிட்டோம்னு அர்த்தம். கண்ணாடியத் திருப்பக் கூடாது, நாமதான் திரும்ப ஏறணும். பதினோரு வருஷமா ஓட்டறேன், இந்தக் கண்ணாடிதான் எனக்கு வைத்தியர்.”

வசனக்காரர் மறுபடி நிமிர்ந்தார். பணிமனையின் சுற்றுச்சுவர், அதற்கப்பால் ஒரு மரம், மரத்துக்கு மேல் வானம். மனைவி தினமும் பார்க்கும் உயரத்திலிருந்து அவர் உலகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இறங்கவே மனமில்லை. ஹாரனை ஒரே ஒரு தடவை அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டார் டிரைவரம்மா.

வீட்டில் அன்றே மாற்றங்கள் தொடங்கின. நான்கு தடித்த அகராதிகளை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி மடிக்கணினியைத் தூக்கி வைத்தார்கள். தட்டுவதற்குத் தனி விசைப்பலகை வந்தது. அந்த நாற்காலியில் வசனக்காரரின் கால் தரையில் பாவாது என்பதையே அன்றுதான் கண்டுபிடித்தார்கள். பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கிப் பாதத்துக்கு அடியில் போனது. ஒரு துண்டு சுருண்டு இடுப்புக்குப் பின்னால் போனது. திரைக்கு மேலே ஒரு சிறிய கண்ணாடி. ஒழுங்காக உட்கார்ந்தால் பின்சுவர்க் காலண்டர் தெரியும். சரிந்தால் மின்விசிறி.

வசனக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. மின்விசிறி கண்ணில் படவே கூடாது என்று முடிவு கட்டி, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் போல விறைத்து உட்கார்ந்தார். நெஞ்சு முன்னால், தோள் பின்னால், மூச்சு பாதி உள்ளே. இரண்டாம் நாள் எழுத்துப்பிழைகள் கூடின. கதாநாயகி “என்னை மறந்துவிடு” என்று அழும் இடத்தில் “என்னை மறைத்துவிடு” என்று ஓடியது. ஆறாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழவே முடியவில்லை. முதுகு பலகையாகிவிட்டது.

“உன் பஸ்ஸும் வேணாம், உன் கண்ணாடியும் வேணாம்!” என்று கத்தினார். “நாப்பது வருஷமா என் முதுகு என்கூட ஒத்துமையாதான் இருந்துச்சு. நடுவுல நீ பூந்து கெடுத்துட்ட!”

டிரைவரம்மாவுக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அன்று அவருக்கு இரண்டு ஷிப்ட். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வசனக்காரர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். மெத்தைக்குள் அமிழ்ந்து, மடியில் கணினி, மார்பில் தாடை. இரண்டு நாள் சொர்க்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார். எடுத்த கைக்கு, தான் எடுத்திருக்கிறோம் என்பதே தெரியவில்லை. டம்ளர் தரையில் உருண்டது. சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. கையை உதறினார், தேய்த்தார், வெந்நீரில் வைத்தார். உணர்வு வர கால் மணி நேரமானது. அந்தக் கால் மணி நேரத்தில், விரல் இல்லாமல் போனால் தட்டச்சு எப்படி, தட்டச்சு இல்லாமல் போனால் தான் யார் என்று என்னென்னவோ யோசித்துப் பயந்து போனார். மனைவிக்குத் தெரியாமல் மருத்துவரிடம் ஓடினார்.

மருத்துவர் அம்மா கழுத்தை அப்படி இப்படித் திருப்பினார், விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார், எப்படி வேலை செய்கிறார் என்று உட்கார்ந்து காட்டச் சொன்னார். வசனக்காரர் இரண்டு விதமாகவும் உட்கார்ந்து காட்டினார்.

“ரெண்டுமே தப்பு” என்றார் மருத்துவர். “ஒண்ணுல கழுத்து கஷ்டப்படுது, ஒண்ணுல முதுகு கஷ்டப்படுது. நிமிர்ந்து உக்கார்றதுன்னா விறைச்சு உக்கார்றது இல்ல. முதுக நாற்காலிகிட்ட ஒப்படைச்சிடணும். அதவிட முக்கியம், எவ்ளோ நல்லா உக்காந்தாலும் ரொம்ப நேரம் உக்காந்தா அதுவும் கெடுதல்தான். அரை மணிக்கு ஒரு தடவ எழுந்து நடங்க. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க.”

அன்று மாலை டிரைவரம்மா வந்ததும் வசனக்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டம்ளரைச் சொன்னார், பயத்தைச் சொன்னார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்தார்.

டிரைவரம்மா அவர் கையைப் பிடித்து விரல்களை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

“நான் எங்க விறைப்பா உக்காரச் சொன்னேன்? சாயத்தான சொன்னேன்? அப்புறம், எந்த பஸ்ஸாவது எட்டு மணி நேரம் ஸ்டாப்பிங்ல நிக்காம ஓடிப் பாத்திருக்கீங்களா?”

“நீ அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்றதுக்குள்ள நீங்க ஹாரன் கேட்டீங்க.”

அதற்குப் பிறகு வசனக்காரரின் நாள் நிறுத்தங்களாகப் பிரிந்தது. இருபத்தைந்து நிமிட வேலை முடிந்ததும் எழுவார். ஜன்னல் வரை நடப்பார், தண்ணீர் குடிப்பார், தோள்களைச் சுழற்றுவார், திரும்பி வருவார். ஜன்னலுக்குப் போய்ப் போய் எதிர்வீட்டுப் பூனைக்குக் குட்டி பிறந்தது வரை அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. மின்விசிறி கண்ணாடியில் அடிக்கடி எட்டிப் பார்த்தது. பார்த்தால் பதறாமல் கொஞ்சம் ஏறிச் சாய்ந்துகொள்வார். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் டிரைவரம்மா, “தலைவலி எங்க?” என்று கேட்டபோதுதான், அது வரவில்லை என்பதையே கவனித்தார். விரல் மரத்துப்போவதும் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோட்டுத் தயார் என்று தகவல் வந்தது. போய்ப் போட்டுப் பார்த்தார்கள்.

முன்பக்கம் வயிற்றுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் கழுத்துக்குக் கீழே துணி மடிந்து, முதுகில் யாரோ ஒரு தலையணையை வைத்துவிட்டு மறந்துபோனது போலத் தொங்கியது. தையல்காரர் வெலவெலத்துப் போனார். நோட்டைப் புரட்டினார். பெயரைச் சரிபார்த்தார். அளவைச் சரிபார்த்தார். நாடாவை எடுத்து மறுபடி முதுகில் ஓட்டினார்.

“சார், இது நீங்க கொடுத்த முதுகு இல்ல.”

“அதேதான்.”

“இருபத்தாறு வருஷத் தொழில்ல ஒரு அளவு தப்பினதில்ல சார் எனக்கு. வயிறு மாறும், அது சகஜம். முதுகு எப்படி சார் மாறும்?” அவர் ஒரு நிமிடம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “ஒரே ஒரு நாள்தான சார்? கல்யாணத்தன்னிக்கு மட்டும் கொஞ்சம் பழைய மாதிரி நின்னுக்குங்களேன். கச்சிதமா இருக்கும்.”

வசனக்காரர் உண்மையாகவே ஒரு கணம் பழையபடி நின்று பார்த்தார். கோட்டு அழகாகப் பொருந்தியது.

“அதெல்லாம் முடியாது!” என்று டிரைவரம்மா போட்ட சத்தத்தில் கடைக்கு வெளியே போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ரெண்டு மாசம் இந்த மனுஷன நிமித்தியிருக்கேன். உங்க கோட்டுக்காக மடக்கித் தர மாட்டேன். கோட்டப் பிரிங்க.”

தையல்காரர் பிரித்தார். முன்பக்க ஓரத்தில் மடித்து விட்டிருந்த துணியை இறக்கினார், பின்பக்கத்தில் மிச்சத்தை எடுத்தார், காலரைக் கழற்றி மறுபடி வைத்தார். மூன்று நாள் பிடித்தது. மூன்றாம் நாள் கோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, இயந்திரத்திலிருந்து எழுந்தவர் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். டிரைவரம்மாவின் பார்வை அவருடைய குட்டை முக்காலிக்குப் போனது. வசனக்காரர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பலனில்லை. கடை மூடுவதற்குள் முக்காலிக்குப் பதிலாக முதுகு சாய்க்கும் நாற்காலி வந்து, அதன் உயரம் இரண்டு முறை மாற்றப்பட்டு, தையல்காரர் “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்றபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கல்யாண நாளன்று மண்டப வாசலில் தங்கை அவரை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக் கும்பிட்டாள். பிறகு வாயில் கைவைத்தாள்.

“அண்ணா! நீ என்ன, வளந்துட்டியா?”

“கோட்டு அப்படி” என்றார் வசனக்காரர்.

“கோட்டு இல்ல” என்றாள் தங்கை. கொஞ்சம் தயங்கி, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காத. உன்னைப் பின்வரிசையிலயே நிறுத்தச் சொல்லி போட்டோக்காரர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். நிச்சயதார்த்த போட்டோவுல நீ எதையோ தொலைச்சிட்டுத் தேடற மாதிரி இருந்த. பாத்துப் பாத்து எனக்கு அழுகையா வந்துச்சு. என்னமோ கவலைல இருக்கன்னு நெனச்சேன்” என்றாள். கண் கலங்கிவிட்டது.

“கவலைலாம் ஒண்ணும் இல்லடா. நாற்காலிதான் உயரம்” என்றார் அவர்.

அவள் அழுகையும் சிரிப்புமாக அவரை இழுத்துப்போய்த் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். பயணியாக உட்கார்ந்து போகும் வாய்ப்பு டிரைவரம்மாவுக்கு அபூர்வம். இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் கணவரின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். தலை நழுவாமலிருக்க வசனக்காரர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. பேருந்து நின்றது, ஓடியது, மறுபடி நின்றது.

திடீரென்று முன்னாலிருந்து ஓட்டுநரின் குரல் கேட்டது. “அக்கா! உங்க ஸ்டாப்பிங் போயி மூணு ஸ்டாப்பிங் ஆச்சே!”

டிரைவரம்மா துள்ளி எழுந்தார். “ஏங்க, எழுப்பக் கூடாதா?”

“நீதான் தினமும் இந்த வழியில போறவ. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

இறங்கித் திரும்பி நடந்தார்கள். டிரைவரம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வசனக்காரர் கோட்டுப் பொத்தான்களைத் திறந்துவிட்டார். நல்ல காற்று அடித்தது.