ஏலக்காரரின் குரல்

ஏலக்காரருக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது காய்கறிச் சந்தையில் ஒருத்தரும் நம்பவில்லை. அந்தத் தொண்டைக்கா? அவர் கூவ ஆரம்பித்தால் லாரி ஹாரனே வாயை மூடிக்கொள்ளும் என்று கேலி பேசுவார்கள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று மேசையைத் தட்டுவார். மூன்றாவது தட்டு விழுந்துவிட்டால் தக்காளி போனது போனதுதான், அப்பீலே கிடையாது. வீட்டிலும் அதே சட்டம். பிள்ளைகள் சண்டை முற்றினால் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு. வழக்கு முடிந்தது, போய்ப் படுங்கள்.

குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். எடுப்பதற்கு முன்னால் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பின்னால் கம்ப்யூட்டர் அதே குரலில் பேசும் என்றும் சொன்னார். மருந்துக் கடையில் பில் போடும் மகள், வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் மைக்கைச் செருகி அப்பாவை உட்கார வைத்தாள். மனுஷன் செய்தித்தாள் வாசித்தார், திட்டினார், சிரித்தார், ஏலம் விட்டார். மனைவி போனபின் தினமும் செய்வதுபோல இரண்டு பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிட்டார். அப்புறம் ஆபரேஷன். கழுத்தில் ஒரு துளையும் கையில் ஒரு சிலேட்டுமாக வீடு திரும்பினார்.

பழைய கம்ப்யூட்டரோ மூச்சிரைக்கிற கேஸ். குரலைச் செய்கிற புரோகிராமைத் திறந்தாலே அப்படியே உறைந்து நின்றுவிடும். புதுசு ஒன்றை நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறேன் என்று சின்னவன் கிளம்பியது அதனால்தான். அதனால் மட்டும்தான் என்று சொன்னால் அது பச்சைப் பொய். பையன் கல்லூரியில் இரண்டாம் வருஷம், கேம் பைத்தியம். பள்ளிக்கூட நாளிலிருந்தே கேம் படங்களை வேகமாக ஓட்டும் விலை கூடின கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மனசுக்குள் வைத்துப் பூஜை செய்துகொண்டிருந்தான். அவன் சேர்த்து வைத்திருந்ததும் அக்கா கொடுத்ததும் சேர்த்தால் விரலுக்கேற்ற வீக்கமாக ஒரு மெஷின் வரும். அவனுக்கு வீக்கம்தான் முக்கியமாகப் போய்விட்டது.

"அப்பா குரலைச் செய்ய பெரிய கார்டு வேணும்க்கா. சின்னது இழுக்காது."

"நிஜமாவா? இல்ல உன் துப்பாக்கி விளையாட்டுக்கா?"

"சீ! அப்பா மேல சத்தியமா."

சத்தியம் வேறு! சின்ன கார்டே தாராளமாக இழுக்கும். அது அவனுக்கும் தெரியும். பெரிய கார்டை உள்ளே நுழைக்க மற்றதையெல்லாம் வெட்டினான். பெட்டி பழையது. உள்ளே கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை, ஸ்க்ரூ என்று பட்டப்பெயர் வாங்கிய வகுப்புத் தோழனிடமிருந்து செகண்ட் ஹேண்ட். மெஷினைக் கிளப்ப போர்டிலேயே ஒட்டுகிற சின்ன டிஸ்க் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, அப்பாவின் பதிவுகளைப் பத்திரமாக வைக்க இன்னொரு டிஸ்க் வாங்குவதாக இருந்ததைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். பதிவுகள் இருக்கிற பழைய டிஸ்கையே கழற்றிப் புது மெஷினில் மாட்டிக்கொள்ளலாம், எதற்குத் தண்டம்?

"அதைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சிடுடா," என்றாள் அக்கா. "பென்டிரைவ்லயாவது போட்டு வை."

பென்டிரைவில் மூன்று நாள் கல்லூரியில் உட்கார்ந்து இறக்கிய கேம் ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை அழிக்க மனசு வரவில்லை. மெஷின் ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஏலக்காரர் தினமும் சிலேட்டை நீட்டுவார். 'நான் எப்போ பேசுவேன்?' இவன் இந்த வாரம்ப்பா, அடுத்த வாரம்ப்பா என்பான். ஒருநாள் அவர் எழுதிக் காட்டினார்: 'பேச்சு வந்ததும் முதல்ல உங்க அக்கா வைக்கிற குழம்பைத் திட்டணும்.' அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ஸ்க்ரூ கொடுத்த பவர் சப்ளையில் வயர்கள் தனித்தனியாகக் கழன்று வரும். டிஸ்குக்குப் போகிற வயர் மட்டும் காணோம்.

"எங்கயோ தொலஞ்சு போச்சு மச்சி. கம்பெனில கேட்டா அனுப்புவான், கொஞ்ச நாள் ஆகும்."

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காத்திருக்கவா? கல்லூரி லேபில் செத்துப்போன வேறொரு பவர் சப்ளையின் வயர் கிடந்தது. எடுத்து வந்து செருகிப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது. அட, இதற்கா காத்திருக்கச் சொன்னான் என்று ஸ்க்ரூவைத் திட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின் தயார். ஏலக்காரர் சந்தைக்குப் போட்டுப்போகும் கோடு போட்ட சட்டையை எடுத்துப் போட்டு, காலரை மேலே இழுத்துத் துளையை மறைத்து, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா ஸ்பீக்கரை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். சின்னவன் சுவிட்சை அழுத்தினான். விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பிளாஸ்டிக் கருகும் வாடை.

போர்டில் ஒட்டியிருந்த சின்னப் புது டிஸ்க் நன்றாக ஓடியது. திரை அழகாக வந்தது. பழைய டிஸ்க் மட்டும் வரவில்லை. கழற்றி மாட்டினான், பழைய கம்ப்யூட்டரில் செருகினான், ம்ஹூம். ஏலக்காரர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரிப்பேர் கடைக்காரர் டிஸ்கை விட்டுவிட்டு வயரைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்.

"இது இந்த பவர் சப்ளையோட வந்ததா?"

"இல்லண்ணே. வேற ஒண்ணோடது. பொருந்துச்சு."

"பொருந்தும் தம்பி, ஓட்டை ஒரே மாதிரிதான். உள்ள வர்ற கரண்டு கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போயிருக்கு." டிஸ்கைத் திருப்பி முகர்ந்து பார்த்தார். "காப்பி இருக்குல்ல?"

சின்னவன் டிஸ்கை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பூஜை செய்த கார்டைப் பாதி விலைக்கு விற்றான். அந்தப் பணத்தைக் கட்டி, டிஸ்கைப் பிரித்துப் பார்க்கும் பெரிய இடத்துக்கு அனுப்பினான். இதற்கிடையில் சிலேட்டு நீளும்போதெல்லாம் "சின்ன ரிப்பேர்ப்பா, சரியாயிடும்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். டிஸ்க் ஒரு கவரில் திரும்பி வந்தது. உள்பக்கமும் கருகிவிட்டது, எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அந்தக் கவரை வைத்து எல்லாவற்றையும் சொன்னான். பெரிய கார்டு எதற்கு என்பதை, பொய்ச் சத்தியத்தை, பென்டிரைவில் கிடந்த கேமை. அக்கா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"திட்டுங்கப்பா," என்றான். சொன்ன பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏலக்காரர் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். காலருக்குக் கீழே காற்றுதான் வந்தது. சிலேட்டை எடுத்தார், எழுதாமல் வைத்துவிட்டார். பிறகு கையை மடக்கி மேசையில் ஒரு தட்டு தட்டினார். இன்னொரு தட்டு. சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தான். அது விழுந்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது, போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் மெதுவாக மடியில் இறங்கியது. அவர் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.