கதிர்காமநாதனின் படலை வரை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என்னுடையதல்ல, வடிவம்மாவுடையது. (எனக்கேன் பொறாமை? அதைப் பிறகு சொல்கிறேன்.)

முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கைப் பாதைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். தேர்தல் கூட்டங்களுக்கெல்லாம் பந்தலும் கதிரையும் கொடுத்தவர் கதிர்காமநாதன். கொங்கிறீட் அவருடைய வாசல் படலையோடு நின்றுவிட்டது. அந்த இடத்திலேயே தேங்காய் உடைத்துத் திறப்புவிழாவும் வைத்தார்கள். அதற்கப்பால் சேறு. சேறு முடிகிற இடத்தில் வடிவம்மாவின் வீடு. மருமகள் நிரோஜாவுக்கு இது எட்டாம் மாதம். மாரி மழை தொடங்கினால் ஓட்டோ உள்ளே வராது.

2

முதல் தொடக்கம்: "சமத்துவமின்மை என்பது யாதெனில்..."

சும்மா இரடா. கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறாய்?

இரண்டாம் தொடக்கம்: ஊர்க்கூட்டத்தில் பாதைக்குப் பொறுப்பான அதிகாரி வடிவம்மாவிடம் கேட்டார், "அம்மா, உங்களுக்கு என்ன தேவை?"

"எனக்கொண்டும் வேண்டாம் ஐயா. கதிர்காமநாதன் அண்ணையின்ர படலைக்கு முன்னால போட்டதைக் கிண்டி எடுங்கோ."

ஒரே சிரிப்பு. அதிகாரிக்குத் தேத்தண்ணி புரையேறியது. "இப்பிடிப் பொறாமைப்படலாமோ அம்மா?"

"ஓம், பொறாமைதான். ரெண்டு மாரியா நியாயம் கேட்டனான், ஒருத்தரும் தலை நிமிந்து பாக்கேல்லை. இண்டைக்குப் பொறாமைப்பட்டன், எல்லாரும் பாக்கிறியள்."

3

இங்கேதான் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். பாதையை நீட்டச் சொன்னால் வாசகர் இரங்குவார். உடைக்கச் சொன்னால்? வடிவம்மாவின் கண்களில் மெல்ல நீர்... (வேண்டாம். அவர் அழவில்லை, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.)

ஆனால் பாருங்கள், பக்கத்து ஊர் றோட்டைப் பார்த்துக் கதிர்காமநாதனுக்கு வயிறு எரிந்தால் அதற்குப் பெயர் அபிவிருத்தி. வடிவம்மாவுக்கு எரிந்தால் மட்டும் பொறாமையாம்.

4

முடிவு அ: பாதை நீள்கிறது, பிள்ளை பிறக்கிறது, கதிர்காமநாதன் கற்கண்டு கொடுக்கிறார். (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ எழுதுமுன் இவ்வளவையும் வடிவம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"என்னை நல்ல மனுசியா எழுதிப்போடாதையுங்கோ தம்பி. பிறகு ஒண்டும் தரமாட்டினம்."

எழும்பிப் போகும்போது திரும்பிக் கேட்டார்: "அதுசரி, உங்கட படலையைக் கதையில காணேல்லை?"

கதிர்காமநாதனின் படலைக்கு நேர் எதிர்ப்படலை என்னுடையது. கொங்கிறீட் எனக்கும் முன்னால்தான்.

5

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. வடிவம்மா என் படலையில் நிற்கிறார்.

"தம்பி, அலவாங்கை ஒருக்காத் தாங்கோவன்."

"என்னத்துக்கு அக்கா?"

"உங்கட கதையை முடிக்கத்தான்."

அலவாங்கால் கொங்கிறீட்டை உடைத்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் பின்னாலேயே அதிகாரியும் வருவார். அவர் வந்தால் நிரோஜாவின் வாசலுக்குப் பாதை வரலாம், அல்லது என் வாசலுக்கும் சேறு வரலாம்.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கை வேலையாக இருக்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? அலவாங்கு குசினிக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. எடுத்துக் கொடுப்பதென்றால் கொடுங்கள்.