சன்னலுக்குக் கீழிருந்த பெட்டி

"இதுல உங்களோடது எது?" என்று முன்பொருமுறை ஒருத்தி ஆர்டிஸைக் கேட்டாள்.

ஏதோ பத்திரிகைக்காக வீட்டைப் படமெடுக்க வந்தவள் அவள். எல்க் மான் கொம்புகளைக் கோத்துச் செய்த விளக்கு, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிய பனிச்செருப்பு, குதிரையின் கழுத்துப்பட்டைக்குள் பதித்த கண்ணாடி, பட்டை உரிக்காத பைன் கட்டில் என்று எல்லாவற்றையும் எடுத்து முடித்து, கேமராவை உறையில் போடும்போது சும்மா கேட்டாள். "காபி கொண்டு வரேன்" என்று ஆர்டிஸ் உள்ளே போனாள். காபி வர வெகுநேரம் ஆயிற்று.

இப்போது ஆர்டிஸ் அதே கூடத்தில் முழங்காலிட்டு, சன்னலுக்குக் கீழிருந்த பெஞ்சின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாள். கணவர் ராய்ஸ் இறந்து மூன்றாம் நாள். பன்னிரண்டு மணிக்கு நகரத்திலிருந்து அவர் உடலைக் கொண்டுவருவார்கள். மூன்று மணிக்கு மேட்டுக் கல்லறையில் அடக்கம். அந்தப் பெஞ்சுதான் அவருடைய சவப்பெட்டி.

வீடு கட்டிய வருஷமே அதைச் செய்துவிட்டார். "இருக்கிறவரைக்கும் உக்கார, அப்புறம் படுக்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மெல்ல எழுந்து நாற்காலிக்கு மாறிவிடுவார்கள்.

உருட்டுமர வீடு கட்டியதோடு முடிந்துபோவதில்லை. மரம் காயக் காயச் சுருங்கும், சுவர் கீழே உட்காரும். ராய்ஸுக்கு அது தெரியாததல்ல. கதவுகளுக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டார். நடுத்தூணுக்கு அடியில் திருகு வைத்து வருஷந்தோறும் இறக்கிவிட்டார். சன்னலுக்குக் கீழே மூன்றே மரம்தானே என்று அதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. பாதியாகப் பிளந்த ஒரு மரத்தைச் செதுக்கி, இரண்டு முனையையும் சுவருக்குள் கொளுவிச் சன்னல் பலகையாக்கினார். அதன் அடியில் பெஞ்சைத் தள்ளிவைத்து, "காகிதம்கூட நுழையாது பாரு" என்றார். நாலு குளிர்காலத்தில் மூன்று மரமும் சேர்ந்து ஒரு விரற்கடை சுருங்கின. பலகை இறங்கி, பெட்டிமூடியின் பின்விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து பெஞ்சும் வெளியே வரவில்லை, மூடியும் திறக்கவில்லை. "இலை உதிரட்டும், பாத்துக்கலாம்" என்பார். ஏழு தடவை இலை உதிர்ந்தது. கடைசி இரண்டு தடவை அவர் படுக்கையில் கிடந்தார், ஒரு பக்கம் விழுந்துபோய்.

பெட்டிக்குள் ஆர்டிஸின் சாமான்கள் இருந்தன. செர்ரிப்பழம் அச்சிட்ட சமையலறைத் திரைகள், விளிம்பில் ரோஜா போட்ட தட்டுகள், அவள் அம்மாவின் பச்சைக் கண்ணாடி விளக்கு. குடிவந்த புதிதில், "இப்போதைக்கு இதுல போட்டு வை. இந்த வீட்டுக்கு இது ஒட்டாது" என்றிருந்தார் ராய்ஸ். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை.

"அண்ணி, கடப்பாரைய கீழ வைங்க. தரைப்பலகை பேந்துக்கும்."

ராய்ஸின் தம்பி வெர்லின் வாசலில் நின்றான். தொப்பியில் பனி. இந்த வீட்டின் மரம் ஒவ்வொன்றையும் அண்ணனோடு சேர்ந்து பட்டை சீவியவன்.

"பேந்துட்டுப் போகட்டும்."

"நேத்து நாலு ஆம்பளைங்க இழுத்தும் அசையல. நீங்க ஒத்த ஆளா எடுத்துருவீங்களா? நான் ஃபோன் பண்ணி ஓக் பெட்டி ஒண்ணு கொண்டாரச் சொல்லிட்டேன். நல்ல பெட்டி. பித்தளைக் கைப்பிடி."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரைக் கேக்கணும்? மணி பத்தாச்சு."

ஆர்டிஸ் எழுந்தாள். மூன்று நாளாக அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பண்டை போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். கட்டிலறைக் கதவைச் சாத்துவாள், மறுபடி திறப்பாள். இப்போதும் பெஞ்சுக்கும் கதவுக்குமாக இரண்டு நடை நடந்தாள்.

"பித்தளைக் கைப்பிடி. கக்கூஸ் கதவுக்கு ஒரு பித்தளைக் குமிழ் வாங்கிட்டு வந்ததுக்கு, உங்கண்ணன் அதைத் திருப்பிக் குடுத்துட்டு மான் கொம்புல செஞ்சு வச்சாரு. அந்த மனுஷன் போய் அதுல படுப்பாரா?"

அடுக்களையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மகள் ஜனெல் சிரித்துவிட்டாள். உடனே இருமினாள்.

"ரம்பம் எங்க இருக்கு வெர்லின்?"

"எதுக்கு?"

"சன்னல் பலகைய அறுக்கணும்."

வெர்லின் தொப்பியைக் கழற்றினான். "அண்ணி, அது ஒரே மரம். நானும் அண்ணனும் பதினோரு நாள் செதுக்கினது. சுவத்துக்குள்ள கொளுவியிருக்கு. அறுத்தா அறுத்ததுதான், வேற ஒண்ணு வைக்க முடியாது."

"தெரியும்."

"அவர் வீடு இது. அவர் மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கத்தி வைக்கணுமா? அவருக்கு எந்தப் பெட்டின்னு தெரியவா போகுது?" பெட்டியைக் காட்டினான். "உள்ள இருக்குற தட்டு வேணும் உங்களுக்கு. அதைச் சொல்லுங்க நேரா."

அடுக்களையில் சீவும் சத்தம் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை. அவர் கண்கள் திறந்த கதவு வழியாகக் கூடத்துச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. "உங்க பெட்டியிலதான் அனுப்புவேன். கவலைப்படாதீங்க" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள், அப்படியானால் மூடியைத் திறந்தாக வேண்டும், தட்டுகள் வெளியே வரும் என்று ஒரு நினைப்பு ஓடியது. விரலில் கஞ்சி காய்வதற்குள் அவர் போய்விட்டார். எது முதலில், அந்த நினைப்பா, அவர் மூச்சு நின்றதா என்று மூன்று நாளாக அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஆமா, அதுவும் வேணும்" என்றாள் ஆர்டிஸ்.

கொட்டகையில் ரம்பம் மாட்டிய இடத்திலேயே இருந்தது. படுக்கையில் விழும் முன்பே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார் ராய்ஸ். அவள் அதோடு திரும்பியபோது வெர்லின் கூடத்தில் இல்லை. வெளியே வண்டியில் சாய்ந்து, வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜனெல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தாள். "இழுக்கத்தான் செய்யணும்மா, அழுத்தாத. அப்பா சொல்லுவாருல்ல."

"உங்கப்பா நிறைய சொல்லுவாரு. இழு."

பலகையின் மேற்பரப்பு தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது. உள்ளே வெண்ணெய்போல் வெளுப்பு. பதினோரு வருஷத்துக்குப் பிறகும் பிசின் வாசனை குப்பென்று வந்தது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனார்கள். ரம்பம் பிடி தவறி பெட்டிமூடியில் இரண்டு இடத்தில் கீறியது. "போகட்டும்" என்றாள் ஆர்டிஸ்.

இரண்டு வெட்டுக்கும் நடுவில், சுவரை ஒட்டி ஆப்பு வைத்து அடித்தால் நார் வாக்கில் பிளந்து வந்துவிடும். ஆர்டிஸ் ஆப்பை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

"அங்க இல்ல."

வெர்லின் வாசற்படியில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அந்த இடத்துல மரக்கணு இருக்கு. ஆப்பு எகிறும். ரெண்டு விரக்கடை இந்தப் பக்கம்."

அவள் இரண்டு விரற்கடை நகர்த்தினாள். நாலாவது அடியில் பலகை நீளவாக்கில் வாய்பிளந்தது. முன்பாதி கழன்று தரையில் விழுந்தபோது கண்ணாடிகள் அதிர்ந்தன. மூடியைத் தூக்க ஜனெல் ஒருத்தியே போதுமாயிருந்தது.

எலி ஒன்று ஒரு மூலையில் செய்தித்தாளைக் கிழித்துக் கூடு கட்டிப் போயிருந்தது. மற்றதெல்லாம் வைத்தபடியே. ஆர்டிஸ் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்திருந்த கரடித்தோலின் மேல் வைத்தாள். மான் கொம்பு விளக்குக்குக் கீழே ரோஜாத் தட்டுகள் ஓர் அடுக்காக நின்றன.

பன்னிரண்டடிக்க வண்டி வந்தது. அடக்கக்காரர் பர்டன் உள்ளே வந்து, அறுபட்ட சன்னல் பலகையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஓக் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டார்.

ராய்ஸைப் பெட்டிக்குள் இறக்கி வைத்தார்கள். பெட்டியை அவர் தன் ஐம்பத்தைந்து வயது உடம்புக்கு அளந்து செய்திருந்தார். இப்போது இரண்டு பக்கமும் இடம் மிச்சம்.

"ஆட்டம் இருக்குங்க" என்றார் பர்டன் தாழ்ந்த குரலில். "மேடு ஏறும்போது உருளுவாரு. பக்கத்துல எதையாச்சும் திணிக்கணும்."

"அந்தக் கோடு போட்ட கம்பளிய எடு ஜனெல்" என்றான் வெர்லின். "அண்ணனுக்குப் பிடிச்சது."

ஜனெல் கம்பளியை எடுக்க நகர்வதற்குள் ஆர்டிஸ் குனிந்திருந்தாள். திரைகளை மடித்து, ஒன்றை அவருடைய இடது தோளை ஒட்டியும் இன்னொன்றை வலது தோளை ஒட்டியும் செருகினாள். கையால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆடியது. மூன்றாவதையும் எடுத்து இடுப்பண்டை திணித்தாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைக்குப் பக்கத்தில் செர்ரிப்பழங்கள் சிவப்பாகத் தெரிந்தன.

வெர்லின் பெட்டியருகே வந்து குனிந்து பார்த்தான்.

"செர்ரிப்பழமா?" என்றான்.

"ஆமா."

"எந்திரிச்சு வந்துருவாரு அண்ணி."

"வரட்டும்" என்றாள் ஆர்டிஸ். அவருடைய சட்டைக் காலரை நேராக்கிவிட்டு நகர்ந்துகொண்டாள். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து ஆறு பேர் தூக்கினார்கள். சுமை ஆடவில்லை.

அடக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. காற்று பாதிரியாரைப் படிக்கவிடவில்லை. திரும்பி வந்தபோது வீடு நிறைந்திருந்தது. பன்றித்தொடை, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, யாரோ கொண்டுவந்த எல்க் குழம்பு. வழக்கமாகப் பெஞ்சு இருக்கும் இடத்தில் தரைப்பலகை புதுநிறமாக நீளச் சதுரத்தில் தெரிந்தது. அதன் மேல் மிதிக்காமல் எல்லோரும் சுற்றிப் போனார்கள். காகிதத் தட்டு தீர்ந்துபோய், ஜனெல் கரடித்தோலிலிருந்து ரோஜாத் தட்டுகளை எடுத்துக் கழுவினாள். கேட்காமலே எடுத்தாள். அதில் ஒன்று வெர்லின் கைக்குப் போனது. அவன் அதை ஒரு கணம் புரட்டிப் பார்த்தான். பிறகு உருளைக்கிழங்கை வைத்துச் சாப்பிட்டான்.

ஆர்டிஸ் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒருவர் கையிலிருந்து கோப்பையை வாங்குவாள், கழுவுவாள், உலர்ந்ததை மறுபடி துடைப்பாள். "உக்காரும்மா" என்று பக்கத்துப் பண்ணைக்காரி இரண்டு முறை சொன்னாள்.

கூட்டம் ஒவ்வொருவராகக் குறைந்தது. வெளிச்சம் இன்னும் மலைக்குப் பின்னால் போகவில்லை. வெர்லின் காலித் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சன்னலருகே போனான். பிளந்த இடம் சிலாம்பு சிலாம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரலை அதன் மேல் ஓட்டினான். ஓரிடத்தில் குத்தியது போலும், விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

பிறகு கால்சட்டைப் பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்தான். ஒரு முனையிலிருந்து தொடங்கி, அவசரமில்லாமல், நார் போகும் வாக்கிலேயே சீவிக்கொண்டு வந்தான். வெளுத்த சீவல்கள் சுருண்டு விழுந்தன. ஆர்டிஸ் கையில் துணியோடு அடுக்களை வாசலில் நின்றாள். நடக்கவில்லை. அவன் மறுமுனை வரை போனான். கணு இருந்த இடத்தில் கத்தியைச் சாய்த்து மூன்று முறை வழித்தான். உள்ளங்கையால் முழு நீளமும் தடவிப் பார்த்தான். இந்த முறை கை எங்கும் தடுக்கவில்லை.

குனிந்து சீவல்களைப் பொறுக்கி, அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டான். கத்தியை மடக்கினான். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.