மூன்றாம் பக்கம்

ஜோதிலட்சுமியின் பேச்சை நம்பித்தான் அந்தக் குப்பத்துப் பெண்கள் பதினோரு பேரும் மழைக் காப்பீட்டில் சேர்ந்தார்கள். கோவளத்துக்குத் தெற்கே, மணலில் கருவாடு காயவைத்துப் பிழைப்பவர்கள் அவர்கள். 2006 புரட்டாசியில் தாம்பரம் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து பத்ரி என்பவர் காகிதங்களோடு வந்தார். ஐப்பசியில் ஒரே நாளில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் ஆளுக்கு நாலாயிரம். யாரும் வந்து நஷ்டத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். எட்டாவது வரை படித்த ஜோதிலட்சுமிதான் வீடுவீடாகப் போய் வாசித்துக் காட்டினாள். வயதான முத்தாலம்மாள் மட்டும் ரொம்பத் தயங்கினாள்.

"நீ சொல்றியேன்னுதான்" என்று கடைசியில் கைநாட்டு வைத்தாள்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. தார்ப்பாய்க்கு அடியிலேயே நெத்திலி புழுத்துப்போயிற்று. நாற்றம் தாங்காமல் குழி தோண்டிப் புதைத்தார்கள். பணம் வரும் என்ற தைரியத்தில் யாரும் அழவில்லை.

மூன்று வாரம் பார்த்துவிட்டு ஜோதிலட்சுமி தாம்பரத்துக்கு பஸ் ஏறினாள்.

"அந்த ரெண்டு நாளும் தாம்பரத்துல நாலு சென்டிமீட்டரைத் தாண்டலம்மா" என்றார் பத்ரி.

"தாம்பரத்துல இன்னா பெஞ்சா எங்களுக்கு இன்னா சார்? எங்க குப்பத்துல முழங்கால் தண்ணி. வந்து பாருங்க."

"பார்த்தும் பிரயோஜனம் இல்லம்மா. இங்க இருக்கற மழைமானி காட்டறதுதான் கணக்கு. மூணாவது பக்கத்துல போட்டிருக்கே."

மூன்றாவது பக்கம் இங்கிலீஷில் இருந்தது. 'இதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம்' என்று ஒவ்வொரு வீட்டிலும் அதைப் புரட்டித் தள்ளியது அவள்தான்.

"எனக்கு வேணாம் சார். முத்தாலம்மாளுக்காவது குடுங்க. தனிக்கட்டை."

"என் கையில இல்லம்மா."

குப்பத்தில் விஷயத்தைச் சொன்னபோது ஒருத்தி அவள் மேல் மண்ணை வாரி இறைத்தாள். கமிஷன் வாங்கிவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. முத்தாலம்மாள் எழுந்து வீட்டுக்குள் போனாள். கார்த்திகையில், மீன் சரக்கெடுக்கக் காசில்லாமல், கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் கக்கூஸ் கழுவப் போய்விட்டாள். ஜோதிலட்சுமி பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே ஓடினாள்.

"என்னைத் திட்டிட்டாவது போக்கா."

"உன் மீனுந்தான் புழுத்துச்சு. உன்ன இன்னான்னு திட்டறது?"

பஸ் வந்தது. கிழவி ஏறி உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தை பிறந்து வெயில் காய்ந்தது. ஜோதிலட்சுமி மீன் காயவைக்க வலை விரித்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த வருஷம் யாருமே மீன் பரப்பவில்லை. காக்கை விரட்டக்கூட அவளுக்குக் கை எழவில்லை.