மூன்றாம் வளைவும் வேன் டிஃபரன்ஷியலும்

என் மனைவி பதினேழு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இரண்டு கம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டு, கம்பைத் தட்டியவர்களை முறைத்தே அழவைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் வருடத்தில் ஒரே ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்புவாள். பழைய கார் சங்கத்தார் மலையேறும் நாள் அது.

விதி ஒன்றும் பெரிதில்லை. அடிவாரத்தில் கொடி அசைப்பார்கள். உச்சிவரை வண்டி நிற்காமல் ஏற வேண்டும். அவளுடைய குட்டிக் கார் மூன்று வருடமாக மூன்றாவது வளைவில் மூச்சுவாங்கி நின்றுவிடுகிறது. அவளுடைய அக்காவிடம் இருப்பது அதே கம்பெனியின் பெரிய இன்ஜின் கார். அது பாட்டுக்கு உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும், கட்டி இழுக்க டிக்கியில் மஞ்சள் கயிற்றோடு. "பரவாயில்லடி, வயசான வண்டி" என்று சொல்லி அக்கா கயிற்றைக் கட்டுவாள். அந்த 'பரவாயில்லடி'க்கு நாலு அறை தேவலை.

போன வருடம் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "நீங்க மெக்கானிக்தானே?"

வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது.

காரின் கோளாறு எனக்குத் தெரியாததா? சமதரையில் ஓடுவதற்குச் செய்த டிஃபரன்ஷியல் அது. இன்ஜின் தருகிற சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் ஏற்றம் என்றால் கையை விரித்துவிடும். அதே கம்பெனி அந்தக் காலத்தில் ஒரு வேனும் செய்தது. சுமை இழுப்பதற்கென்றே பல் வெட்டிய டிஃபரன்ஷியல் அதற்கு. போல்ட் துளைகூட மாறாது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் என் சகலையிடம், அதாவது அந்த அக்காவின் கணவரிடம், அப்படி ஒரு வேன் கிடந்தது. பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டார். மறுநாள் போனும் செய்தார்.

"சகலை, அந்த வேன்ல ஒரு சங்கதி இருக்கு. சக்கரத்துக்கிட்ட..."

"ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஜோடி பல்சக்கரம் இருக்கும். காருக்கு அது வேண்டாம். கழட்டிட்டு காரோட ஆக்சிலையே மாட்டணும். எனக்குத் தெரியாதா சகலை?"

"அதில்ல, உள்ள இருக்கிற கிரவுனை..."

"நீங்க வண்டியைப் பிரிக்கிறவரு, நான் சேர்க்கிறவன். வைங்க போனை."

வைத்துவிட்டார். மனிதருக்கு ரோஷம் கொஞ்சம் கம்மி.

மூன்று நாள் வேலை. மலையேற்றத்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை காரை முட்டுக்கொடுத்துத் தூக்கிவைத்து, இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டேன். பின்னால் சக்கரம் சுழலும் ஓசை மட்டும்தான். ஒரு முனகல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அவ்வளவு சுகம். கண்ணைத் திறந்து, இறங்கிப்போய்ப் பார்த்திருக்கலாம்.

"தெருவுல ஒரு சுத்து போயிட்டு வரட்டுமா?" என்றாள் மனைவி.

என் வேலைமேல் சந்தேகமா என்று சுருக்கென்று கோபம் வந்தது. "நாளைக்கு மலையில பாரு" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சகலையின் லாரியில் காரைத் தள்ளி ஏற்றி, தள்ளியே இறக்கி, கோட்டில் நிறுத்தினோம். கொடி அசைந்தது. அவள் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். கார் விருட்டென்று பின்னால் பாய்ந்தது. வரிசையில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். பிரேக் அடித்தாள். இரண்டாவது கியர், அதுவும் பின்னால். ரிவர்ஸ் போட்டாள், கார் சாதுவாக முன்னால் நகர்ந்தது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வேனின் அந்த ஜோடிப் பல்சக்கரங்கள் சுழற்சியைத் தலைகீழாக்கும். அதற்கு ஈடாகத்தான் கம்பெனிக்காரன் உள்ளே கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் வைத்திருந்தான். நான் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டேன், கிரவுனை மாற்றி வைக்கவில்லை. ஆக, பின்னால் போக நான்கு கியர், முன்னால் போக ஒன்று. தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை வரவில்லை.

அக்கா கயிற்றோடு வந்தாள். "என்னடி, இந்த வருஷம் அடிவாரத்துலயே கட்டிரலாமா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் ஜன்னலோரம் குனிந்து, "ரிவர்ஸைப் போடு. முன்னாடிதான் போகும், மெதுவா ஊர்ந்து போயிரலாம்" என்று முணுமுணுத்தேன்.

அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கொடிக்காரரைக் கூப்பிட்டாள். "சார், கார் மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு உங்க விதியில எழுதியிருக்கா?"

அவர் சிறுபுத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"அப்ப கொடியை இன்னொரு தரம் அசைங்க."

காரை முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பினாள், மலைக்கு முதுகைக் காட்டி. இடது கையைப் பக்கத்து இருக்கைமேல் போட்டுக்கொண்டு, தோளுக்குமேல் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, முதல் கியரில் கிளப்பினாள். வேன் டிஃபரன்ஷியல் இழுத்த இழுப்பு இருக்கிறதே, ஒரு சிணுங்கல்கூட இல்லை. முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வளைவில் கார் கொஞ்சம் தயங்கியது. நிற்கவில்லை. ஒரு கல்லைக்கூடத் தட்டாமல் வளைந்து ஏறியது. அதற்குமேல் இருந்த நேர்ச்சாலையில் அவள் ஒரே ஒரு தரம் முன்பக்கம் திரும்பி, கீழே கயிற்றோடு நின்ற அக்காவுக்குக் கையசைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சகலையிடம் சொன்னேன்.

அக்காவின் காரில் மூவரும் மேலே போய்ச் சேர்ந்தோம். என் மனைவி பானெட்மேல் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஏறிட்ட. எப்படிடி இறங்குவ?" என்றாள் அக்கா.

"இறங்குற பக்கம் பாத்துத்தானேக்கா நிக்கிறேன்?" என்றாள் இவள். பிறகு சங்கத்தார் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு ரிவர்ஸ்தான் நல்லா வரும்னு இவரு வேணும்னே இப்படி மாட்டிக் கொடுத்தாரு" என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். சகலை மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு தரம் தலையசைத்தால் போதும், அந்த வட்டாரத்திலேயே பெரிய மெக்கானிக் நான்தான். ஆனால் மூன்றாவது வளைவில் அந்த வண்டியை ஏற்றியது நான் இல்லை.

"வேணும்னே இல்லீங்க" என்றேன். "கிரவுனை மாத்தி வைக்க மறந்துட்டேன். சகலை சொல்லத்தான் வந்தாரு. நான்தான் போனை வைக்கச் சொன்னேன். மலையேறினது முழுக்க இவ கைத்திறமைதான்."

சகலையின் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா கயிற்றைச் சுருட்டி டிக்கியில் போட்டாள். என் மனைவிக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"பாருக்கா, ஒரு பொய்யைக்கூட இந்த மனுஷனுக்கு ஒழுங்கா மாட்டத் தெரியல" என்று சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையின் கதவை எனக்காகத் திறந்துவிட்டாள்.